ஒன்பது சீட்டும் பத்தாவது கேட்ட மகனும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான், உன் அக்கா, பேத்தி மூன்று பேரும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், இதை ஒப்புக்கு எழுதவில்லை, அக்காவுக்கு ஒன்பது தடவை ரத்தம் பார்த்த பிறகு எழுதுகிறேன். நீயும் மாசமாக இருக்கும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அக்கா இவ பிரசவத்துக்கு வரட்டும்மா, ஆனா புதுசா ஒரு டெஸ்ட் எடுத்து அந்தச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லு, பச்சக்குழந்தை இருக்கப்போற வீடு, இல்லன்னா நீ மட்டும் வா என்று போன வாரம் சொன்னாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

லாரி ஓட்டிய உன் அத்தான் எச்.ஐ.வி.யோடு எத்தனை வருஷம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது, தெரிவதற்குள் அக்கா அவரோடு பத்து வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சம்பந்தியம்மா முதலில் எங்க பிள்ளைக்கு இவதான் கொண்டாந்தா என்றாள். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு வந்ததும் நாக்கைத் திருப்பிப் போட்டு, அப்ப இவ அவனோட வாழவேயில்ல என்றாள். உங்கள் மகன் மூக்கையும் முழியையும் உரித்து வைத்தாற்போல் ஒரு பேத்தி நிற்கிறாளே சம்பந்தி, இவள் என்ன தபாலில் வந்தாளா என்று கேட்டேன். அக்கா வேலை செய்யும் தையல் கம்பெனியில் அவள் மெஷினை வேறு ஒருத்தியும் தொடமாட்டாள். நல்லதாய்ப் போயிற்று, அங்கே உருப்படியாக ஓடுவது அந்த ஒரு மெஷின்தான்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு அக்காவின் ரத்தம் கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டும் இந்தக் கிருமி தொற்றாதவர்கள் கொஞ்சம் பேர் உண்டாம். ஏழாவது படிக்கும் என் பேத்தி அவர் சொன்னதை அங்கேயே நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டு வந்து எனக்குப் புரியவைத்தாள், அந்த மூளை உன் வழியில் வந்ததல்ல. ரத்தத்தில் இருக்கும் செல்லுக்குள் நுழையக் கிருமிக்கு ஒரு பிடி வேண்டும், சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி இருக்காது, சிலருக்கு உடம்பே முந்திக்கொண்டு விரட்டிவிடும், நிறையப் பேருக்கு ஏன் என்றே இன்னும் தெரியாது. அக்காவிடம் டாக்டரம்மா, உங்களுக்கு எதனாலன்னு எனக்குத் தெரியாதும்மா, இனிமேலும் வராதுன்னு நான் எழுதித் தரமாட்டேன், ஜாக்கிரதையா இருக்கணும் என்றாராம். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன படித்தவர் ஒருவரை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

சேதி கேட்டதும் சம்பந்தியம்மா ஒரு காலிப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது மகனும் லாரிதானே, அக்கா ரத்தத்தில் கொஞ்சம் அவனுக்கு ஊசியாகப் போட வேண்டுமாம். தீண்டத்தகாத ரத்தம் மருந்தாகிவிட்டது பார். அது அவள் உடம்போடு இருப்பது, இன்னொருத்தருக்கு ஊற்றிக் கொடுக்க முடியாது, சுகாதார நிலையத்தில் ஆணுறை சும்மா தருகிறார்கள், அந்தப் பாட்டில் நிறைய அதை வாங்கிப் போ என்று அனுப்பினேன். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், போகட்டும். ஐந்தாவதோடு நின்ற எனக்கே தொட்டால் ஒட்டாது, குழந்தையைத் தூக்கினால் ஒட்டாது என்று தெரிகிறது. பதினேழு வருஷம் படிக்கவைத்தோமே, உனக்கு எந்த வகுப்பில் விட்டுப்போயிற்று.

நீ சொன்னதை அக்காவிடம் மறைக்கவில்லை. அவள் அழவில்லை, எடுத்திருந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, தம்பிக்கு எழுதிடும்மா, அந்த வாரம் டாக்டரம்மாகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன், அங்க என்னை வாங்கன்னு கூப்பிட்டாங்க என்றாள். நானும் வரவில்லை. அவள் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டு, அவள் போர்வையில் படுக்கிறவள் நான், என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

மருமகளுக்குச் சுகப்பிரசவமாகி, பிள்ளை நூறு வயது இருக்கட்டும். அவளை வெந்நீரில் குளிக்கச் சொல், கனம் தூக்கவிடாதே. மாசமாக இருப்பவர்களுக்கு இந்த ரத்தமும் பார்ப்பார்கள், பார்க்கும்போது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டு. வேலை வேலை என்று மாசத்தில் இருபது நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நீதான், உன் அக்கா அல்ல.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா