பக்கத்தில் இருப்பவர்

மார்ச் 4
ஐந்து வருடமாக எனக்கு உறுத்திய விஷயம். பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது; ஆனால் அதைக் கணினியில் ஏற்றக் கண் தெரிந்த ஒருவர் வேண்டும்! பன்னிரண்டு திரை. அதில் குரல் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: "பக்கத்தில் இருப்பவரை உதவிக்குக் கூப்பிடுங்கள்."
இன்று அந்தக் கூத்துக்கு முடிவு கட்டினேன். இனி பென்டிரைவைச் செருகியதுமே குரல் வழிகாட்டும், எண்டரை ஒருமுறை அழுத்தினால் போதும். பழைய வாக்கியத்தை என் கையாலேயே அழித்தேன்.

மார்ச் 7
பார்வையில்லாத என் சித்தப்பாவுக்குப் புதிய பென்டிரைவ் ஒன்று அனுப்பினேன். சித்தி போனபிறகு தனியாக இருக்கிறார். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் இரண்டு பஸ் மாறி நான்தான் போய் ஏற்றிக் கொடுப்பேன். இனி வேண்டாம். நிம்மதி — என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 11
சித்தப்பா போன் செய்தார்.
"அஞ்சே நிமிஷத்துல ஏறிடுச்சும்மா. ஆனா வந்துட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டியே, என்ன கோவம்?"
நான் எங்கே போனேன்?
"விளையாடாத. பக்கத்துல இருக்கறவங்கள கூப்பிடுங்கன்னு அது சொல்லுச்சு. யாரு இருக்கீங்கன்னு கேட்டேன். என் விரலைப் பிடிச்சு எண்டர் மேல வெச்சியே. கை ஏன் அவ்ளோ சில்லுனு இருந்துச்சு?"
கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தீர்களா என்று கேட்டேன்.
"போட்டிருந்தேன்."

மார்ச் 12
புதுப் பதிப்பில் குரல் பேசும் ஒலித்துண்டுகள் பதினேழு. பதினேழையும் கேட்டுவிட்டேன். அந்த வாக்கியம் எதிலும் இல்லை. அவருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மார்ச் 18
உதவி எண்ணில் அழைப்புகளை எடுப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வெண்கலம். அவள் பேசினால் மூன்று மேசை தள்ளிக் கேட்கும். இன்று என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.
"இந்த வாரம் ஆறு பேரு போன் பண்ணாங்க. ஆறு பேருமே தனியா இருக்கறவங்க. ஒருத்தரும் குறை சொல்லல. 'ஆளை அனுப்பி வெச்சீங்களே, ரொம்ப நன்றி'ங்கறாங்க. யாரைடி அனுப்பறோம் நாம?"
மேலாளருக்கு ஒரே குஷி. உதவி கேட்டு வரும் அழைப்பு நின்றேவிட்டதாம்.

மார்ச் 19
கண்ணைக் கட்டிக்கொண்டு நானே ஏற்றிப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள், ஒன்றும் நடக்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் இன்னொரு தடவை.
சொன்னது. நான் அழித்த அதே வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னது.
நான் யாரையும் கூப்பிடல. கூப்பிடாமலே பக்கத்து நாற்காலி இழுபடற சத்தம். கண்கட்டை அவுக்க தைரியம் வரல. வரவே இல்ல.

மார்ச் 20
இந்தப் பதிப்பை நிறுத்தச் சொன்னேன். பழுது என்றேன்.
"என்ன பழுது?" என்றார் மேலாளர்.
"தனியா இருந்தா ஆள் வருது சார்."
அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு போட்டுக்கோம்மா."

மார்ச் 23, ஞாயிறு
சித்தப்பா வீடு. கணினி முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.
"இந்தப் புதுப் பதிப்பை எடுத்துடலாமா சித்தப்பா?"
"எதுக்கு? அடுத்த தடவை யாரு வருவா?"
"நான் வரேன்."
"சொல்லுவ." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

மார்ச் 26
வெண்கலம் அந்த ஆறு பேருக்கும் தினம் தானே போன் போட்டுப் பேசுகிறாளாம். மேலாளருக்குத் தெரியாது.

ஏப்ரல் 2
சித்தப்பா வீட்டுக்கே பெட்டியோடு வந்துவிட்டேன். முன்னறை ஜன்னலோரம் என் மேசை. அலுவலக வேலை இனி இங்கிருந்துதான். காலையில் சித்தப்பாவே புதிய பதிப்பை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றினேன். அரை மணி நேரம் பிடித்தது. முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்.
மத்தியானம் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். ஓரமாக ஒதுங்கி, யாரோ செருப்பு மாட்டி முடிக்கக் காத்திருப்பவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார்.
"பாத்துப் போங்க" என்றார்.
பிறகு கதவைச் சாத்தினார்.