மாதிரி வீட்டுச் சோபாவின் ஆயுள்

அன்புள்ள மகனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் குறையில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பின், புது வீட்டுச் சமையலறைச் சுவருக்கு வெளிர் மஞ்சள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒருமனதாகத் தீர்மானமாகிவிட்டது. சுவர்தான் இன்னும் எழும்பவில்லை.

நேற்று இருவரும் போய்ப் பார்த்தோம். நம் கட்டடம் நிற்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த கம்பிகள் நிற்கின்றன, ஆள் இல்லை, கலவை இயந்திரமும் இல்லை. பக்கத்தில் மாதிரி வீடு மட்டும் குளுகுளுவென்று இருக்கிறது. அங்கே புதுச் சோபாவில் உட்காரவைத்து விற்பனை அதிகாரி ஜூஸ் கொடுத்தார். கிரேன் எங்கே என்று கேட்டேன். "அதையெல்லாம் வித்துட்டோம் மேடம், இனிமே எல்லாம் வாடகைதான்" என்றார். வாடகைக் கிரேன் எங்கே என்றேன். "வரும் மேடம்" என்றார். அப்பா என்னிடம், "ஜூஸ் வந்துடுச்சில்ல, அதுவும் வரும், குடி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய, அந்தக் கட்டுமானக் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்தேன். சொத்தும் உபகரணமும் ரெண்டு மடங்காயிருக்கும்மா, கம்பெனி கெட்டி, தைரியமா மீதியைக் கட்டுங்க என்று போனில் சொன்னாயே, அந்த வரியைத்தான் பார்த்தேன். பக்கத்திலேயே, விவரத்துக்குப் பின்பக்கம் பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பு எண் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க உனக்கு நேரமில்லை, எனக்கு இருந்தது. விற்பதற்காகக் கட்டும் வீடு அந்த வரியில் வரவே வராதாம், அது சரக்குக் கணக்கு. மளிகைக்கடையில் அரிசி சரக்கு, தராசு உபகரணம், அவ்வளவுதான் விஷயம். இவர்களிடம் இயந்திரங்கள் என்ற இடத்தில் விற்றது போக ஒன்றும் மிச்சமில்லை. கூடியதெல்லாம் விற்பனை அலுவலகமும் மாதிரி வீட்டுச் சாமான்களும். அந்தச் சோபாவுக்கு ஆயுள் மூன்று வருடம் என்று எழுதி, வருடா வருடம் தேய்மானம் கழிக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளின் மதிப்போ போன வருடத்தைவிட ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. இதில் பொய் ஒரு வரி இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லாவற்றையும் அச்சில் போட்டிருக்கிறார்கள். நீ தலைப்பை நம்பினாய், நாங்கள் உன்னை நம்பினோம், கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தோம். போன் செய்து அம்மா கோபமா என்று குழையாதே, ஆமாம், கோபம்தான்.

இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு இருக்க வேண்டும். எதையும் பின்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாய் திற. மருந்துப் பார்சலைப் பழைய முகவரிக்கே அனுப்பு. இந்த வாடகை வீட்டுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அம்மா