பின்னால் இருந்த இரண்டு கைகள்

அன்பு மகளுக்கு,

நான் நலம். முழங்கால் வழக்கம்போல். நீ அனுப்பிய கண்ணாடி பொருந்துகிறது. பிரேம்தான் கொஞ்சம் ஆடம்பரம். போனில் பேசினால் குரல் உடையும், அது எனக்குப் பிடிக்காது. அதனால் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் டிவியில் நான் அம்மனாக நடித்த படத்தைப் போட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி பார்த்துவிட்டாள். மறுநாள் காலை, காய்ச்சலில் துவண்டு கிடந்த தன் சின்னப் பெண்ணைத் தூக்கிவந்து என் வாசலில் கிடத்தினாள். "ஒரு தடவை தொடுங்க தாயே, போதும்" என்றாள். நான் வெறும் நடிகை, டாக்டரிடம் போ என்றேன். "என்னைச் சோதிக்கிறீங்களா?" என்று சிரிக்கிறாள். படத்தில் அம்மன் கிழவி வேடத்தில் வந்து, நான் அவளில்லை என்று சொல்லும் காட்சி உனக்கு நினைவிருக்கும். இப்போது வேடமே தேவைப்படவில்லை. மறுக்க மறுக்க அவள் நம்பிக்கை கூடியது. உன் அப்பா இருந்திருந்தால் பக்குவமாகப் பேசி அனுப்பியிருப்பார்.

குழந்தையின் கழுத்து விறைத்திருந்தது. அப்படி இருந்தால் ஆபத்து என்று நீதான் ஒருமுறை சொன்னாய். கான்வென்டில் பொய் சொன்னால் முட்டி போட வைப்பார்கள். அங்கே படித்த நான் நிமிர்ந்து நின்று, வலது கையை உயர்த்தி, படத்துக் குரலில், "இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. இது என் ஆணை" என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

மூளைக் காய்ச்சலாம். மருந்து ஏறுகிறது, குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை. தாய் தினமும் மாலையில் வந்து என் படியில் உட்கார்ந்து, "நீங்கதானே அனுப்புனீங்க, பிழைச்சிடுவால்ல?" என்கிறாள். இதற்கு யாரும் எனக்கு வசனம் எழுதித் தரவில்லை. நேற்று, "பேசாம இங்கயே கொண்டாந்து உங்க காலடியில போட்டுடட்டுமா?" என்றாள். நான் தடுமாறினால் அதையும் செய்துவிடுவாள்.

நீ குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். ஆஸ்பத்திரி நம்பரைப் பின்பக்கம் எழுதி, அதையும் படமெடுத்திருக்கிறேன். அங்கே டாக்டரிடம் பேசு. அவர் சொல்வதை என்னிடம் மறைக்காதே.

அம்மனுக்கு நான்கு கைகள். முன்னிரண்டுதான் என்னுடையவை; மற்ற இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஒரு பெண்ணுடையவை. சிறு வயதில் நீ அதைக் கேட்டு நாள் முழுக்கச் சிரித்தாய். காமிரா ஓடும்போது அவள் மூச்சு என் முதுகில் படும். அந்தத் தைரியத்தில்தான் அசையாமல் நின்றேன்.

இன்று மாலையும் தையல்காரி வருவாள். நான் கையை உயர்த்தி நிற்க வேண்டும். அதற்குள் கூப்பிடு; என் குரல் உடைந்தால் உடையட்டும்.

இது ஆணை இல்லை, கண்ணு.

ஆசியுடன்,
அம்மா