பித்தளை மூடி

மார்ச் 1, வெள்ளி

நான் எழுதியதை நானே படிக்கிறேன்! மாலை வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது பயத்தில்தான். மகளுக்கு மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. திங்கள் முதல் என் பழைய காரில் தனியாக ஏறப் போகிறாள். அது ஏற்றத்தில் கொதிக்கும்; கொதித்தால் தண்ணீரை ரோட்டில் கொட்டிவிடும். அந்தக் காலத்து வண்டி, பிடித்து வைக்கத் தொட்டி கிடையாது. கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்த லாரிக்காரரைப் பார்த்திருக்கிறேன். என் பெண்ணும் அப்படித் திறந்துவிட்டால்?

மார்ச் 2, சனி

தொட்டி வாங்கிவிட்டேன். வெள்ளை பிளாஸ்டிக். சூடானால் தண்ணீர் இதில் வந்து சேரும். ஆறியதும் ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பேட்டரிக்குப் பக்கத்தில் துளை போட்டுத் தொட்டியைத் தாங்கும் பட்டையை முறுக்கினேன். ரேடியேட்டர் கழுத்திலிருந்து ரப்பர் குழாயை இழுத்துத் தொட்டியில் செருகினேன்.

"காருக்கு மூத்திரப் பை கட்டியாச்சா?" என்றாள் மனைவி. வாய்க்கொழுப்பு! சிரித்துவிட்டேன்.

பெட்டியில் ரேடியேட்டருக்குப் புது மூடி ஒன்றும் இருந்தது. தகரம். நம் பித்தளை மூடி தங்கம்போல் மின்னும்போது இது எதற்கு?

மார்ச் 4, திங்கள்

போய்விட்டு நல்லபடியாக வந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வேலை செய்கிறது! வேலை செய்கிறது! (இரண்டாவது முறை எழுதியது ஆசைக்கு.)

மார்ச் 5, செவ்வாய்

தொட்டி முக்காலாகிவிட்டது. வண்டி ஆறிய பிறகும் முக்கால். குறைய வேண்டாமோ? இருக்கட்டும். நிறைந்திருப்பது நல்லதுதானே.

மார்ச் 6, புதன், காலை

மகள் கிளம்பிய பிறகு, தேவைப்படாத தகர மூடியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன்.

"பெரியவரே, இத இங்க கொண்டுவந்துட்டா வண்டில எதை மாட்டியிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"பழசுதான். பித்தளை."

"போச்சு. அது தண்ணிய வெளிய விடும், திரும்ப உள்ள இழுக்காது. தொட்டி நிறையும், ரேடியேட்டர் காலியாகும்."

நிறைகிறது, நிறைகிறது என்று குதித்தேனே. மகளுக்குப் போன் போட்டேன்; அடிக்கிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஓட்டும்போது எடுக்காதே என்று சொன்னதே நான்தான். இப்போது கொதித்துக்கொண்டிருக்குமா? திறந்திருப்பாளா? ஐயோ, எம் பொண்ணு மூஞ்சி—

தகர மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஏன் எழுதுகிறேன்? எழுதலேன்னா கத்திடுவேன்.

அதே நாள், மாலை

ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் புகை தெரிந்தது. அது யாரோ சருகு எரிக்கும் புகை. பாதி மலையில் என் கார் நின்றது, முன்மூடி திறந்தபடி. அவளைக் காணவில்லை. பஸ் நிற்பதற்குள் குதிக்கப் பார்த்தேன்; கண்டக்டர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

காருக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"சூடு காட்டுற முள்ளு ஏறுச்சு, நிறுத்திட்டேன். ஆறட்டும்னு உக்காந்திருக்கேன்," என்றாள். "அப்பா, உன் தொட்டி நம்ம சித்தப்பா மாதிரி. வாங்கிக்குது, திருப்பித் தரமாட்டேங்குது."

அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். கன்னம், நெற்றி, எல்லாம் இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

ஆறிய பிறகும் மூடியைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவளே துணியைப் போட்டுத் திறந்தாள். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. தொட்டித் தண்ணீரையே ஊற்றி நிரப்பித் தகர மூடியை மாட்டினோம்.

"நானும் மேல வர்றேன்," என்று காரில் ஏறி உட்கார்ந்தேன்.

"நாளைக்கு? நாளன்னைக்கு? தினமும் வருவியா? இறங்குப்பா, டியூட்டிக்கு நேரமாச்சு."

கார் வளைவில் மறையும்வரை நின்றேன்.

மார்ச் 7, வியாழன்

ஆறியதும் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போய்ப் போய்ப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

மலையில் நல்ல மழையாம். "போன் பண்ணிப் பாக்கலையா?" என்றாள் மனைவி.

"வண்டி ஓட்டிட்டிருப்பா," என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினேன்.