சப்பாத்தைக் கழற்றிய பெண்

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் பெயின்ற் கரைக்கும் தின்னர் மணக்கிறது. அருங்காட்சியகத்தில் சிலையை மணந்து பார்க்கக் கூடாதாம்; காவலுக்கு நிற்கும் பெட்டை இரண்டு தரம் சொல்லிவிட்டாள். இந்தச் சிலைக்காக ஒற்றைக் காலில் நின்றவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கனடாவில், மில்லிக்கனில் உன் வீட்டுக் கராஜ்; அதுதான் நீ சிலை செய்யும் இடம். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதிபண்ணிவிட்டு வந்த களைப்பில், ஒரு சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலை அதன்மேல் வைத்துப் பெருமூச்சு விட்டேன். "அசையாதை! அப்பிடியே நில்லு" என்றாய். அந்தக் கோடை முழுக்க நின்றேன். கம்பிவலையும் சீமெந்துமாக என்னை எழுப்பினாய்: தலையில் வேலைத்தள வலைத்தொப்பி, காலடியில் சப்பாத்து, அவிழ்ந்து நெளியும் அதன் நாடா. ஒரு காட்சிக்கூடமும் எடுக்கவில்லை. "இது கைப்பணி, கலை இல்லை" என்று ஒருவர் கடிதம் போட்டார். நீ அதில் சீமெந்துக் கரண்டியைத் துடைத்தாய்.

பங்குத் திருவிழாவுக்குக் கேட்கிறார்களே என்று எங்கள் கத்தோலிக்கக் கோயில் தோட்டத்துக்கு இரவலாகக் கொடுத்தாய். அங்கேதான் பிழை நடந்தது. வெறுங்காலோடு ஒரு பெண், காலடியில் நெளிவாக ஏதோ ஒன்று என்றால், நம் சனத்துக்கு அது பாம்பை மிதித்து நிற்கும் மாதாதானே! ஒரு கிழமைக்குள் மெழுகுதிரி எரிந்தது. ஒரு மாதத்துக்குள் நீலப் பெயின்ற் பூசி, வலைத்தொப்பியை முக்காடாக்கி, நாடாவுக்குப் பச்சை அடித்து இரண்டு கண்ணும் வைத்துவிட்டார்கள்.

நீ கொதித்தாய். "அவள் மாதா இல்லையடி. வேலை முடிஞ்சு வாற பொம்பிளை." திருப்பிக் கேட்கப் புறப்பட்ட உன்னைத் தடுத்தது நான். "கோயிலோட கொழுவாதை, விடு" என்றேன். விட்டாய். அதற்குப் பிறகு பெரிய சிலை எதுவுமே நீ செய்யவில்லை. உன் செத்தவீட்டில் எல்லோரும் அழுதபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

உன் சிலைகளை என் பெயருக்கு எழுதிவைத்திருந்தாய். அதனால் அவற்றைக் காட்சிக்கு வைக்க விரும்பிய அருங்காட்சியகத்தார் என்னிடம் வந்தார்கள். நீலத்தை எடுக்கவா, விடவா என்று கேட்டார்கள். செய்தி பரவியதும் போன் ஓயவில்லை. "மாதாவை உரிக்கப் போறியோ?" என்று அதிகம் ஏசியவர் றீற்றா அன்ரி. மகளின் சுகத்துக்காக வருடக்கணக்காய் அந்தத் தோட்டத்தில் முழங்காலில் நின்றவர். அவரை நோகடிக்கிறேனே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் "எடுங்கோ" என்று கையெழுத்து வைத்தேன்.

திறப்பு நாளன்று அன்ரி வந்தார், சண்டைக்குத்தான். சிலையை இரண்டு தரம் சுற்றினார். குனிந்து காலடியைப் பார்த்தார்.

"உது சப்பாத்தெல்லோ!"

"ஓம் அன்ரி."

அன்ரி நிமிர்ந்தார். "நானும் வேலை முடிஞ்சு உப்பிடித்தான் பஸ்ஸுக்கு நிண்டனான். எத்தினை வருசம்..." பிறகு என் கையைப் பிடித்தார். "ஆர் பிள்ளை உதைச் செய்தது?"

இத்தனை காலம் அதன் முன்னால் மன்றாடியவர் முதல்தரமாகக் கேட்கிறார். உன் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். உனக்கு "விடு" என்று சொன்ன அதே வாய்தான். அந்தச் சொல்லைச் சாகும்வரை சுமப்பேன். சுமந்துகொண்டே, கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.