தண்ணீர் லாரிப் படம்

இன்று காலை கடையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு குட்டிப் பூட்டு. நீ படம் வரைந்த சாஃப்ட்வேரின் பெயருக்குப் பக்கத்தில், நேற்று வரை இல்லாத பூட்டு. அழுத்திப் பார்த்தேன். இலவச நாட்கள் முடிந்துவிட்டன, பணம் கட்டினால்தான் உன் படம் திறக்கும் என்றது.

நேற்றுத்தான் உன் அம்மா கடைக்கு வந்திருந்தார். "நாளைக்குச் சாயந்தரம் திருமங்கலத்துக்கு, எங்க அண்ணன் வீட்டோட போயிர்றோம் தாயி. கடைசியா அவ இங்கன என்னமோ வரஞ்சுக்கிட்டு இருந்தாளே, அது இருந்தாக் குடு" என்றார். நான் எப்போதும்போல் வாய் திறக்காமல் தலையை ஆட்டினேன்.

பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன், நீ பாலிடெக்னிக் போனாய். தெற்குவாசலில் இந்த ஜெராக்ஸ் கடையில் நான் டைப் அடிப்பேன். அவனியாபுரத்தில் நம் தெருவுக்குத் திரும்பும் வழியில் நீ இறங்கி வருவாய். இங்கே வருகிற மாணவர்கள் எல்லோரும் புரோகிராமை எங்கிருந்தோ வாங்கி முடித்துவிட்டு, பைண்டிங் போடுகிற அன்றுதான் அது படிப்படியாக எப்படி ஓடும் என்று காட்டும் படத்தைக் கேட்பார்கள். நீ மட்டும் படம்தான் முதலில் என்றாய். "போற எடம் தெரியாம ஷேர் ஆட்டோல ஏறுனா, அவன் எறக்கி விடுற எடந்தான்டி நம்ம எடம்."

உன் புராஜெக்ட் நம் தெருவின் தண்ணீர் லாரி. இன்று எந்த வீட்டிலிருந்து முறை என்று போனில் சொல்லும் புரோகிராம். கட்டமும் அம்புக்குறியுமாக அதை வரைய இலவச சாஃப்ட்வேர் தேடினோம். ஒன்று கார்டு நம்பர் கேட்டது. ஒன்று மூன்று படத்துக்கு மேல் கூடாது என்றது. இன்னொன்று படத்தின் குறுக்கே தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டது. நாம் பிரிண்ட் எடுத்து, பெயர் மேல் ஒயிட்னர் தடவி, மறுபடி ஜெராக்ஸ் போட்டோம். பெயரோடு பாதி அம்புகளும் போய்விட்டன. உங்கள் மேடம் பார்த்துவிட்டு, உன் லாரி கிளம்பவே இல்லையே என்றாராம். ஆட்டோவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பிறகுதான் ஒரு மாதம் இலவசம் என்ற இதைப் போட்டோம். ஒரு மாதம் தாராளம் என்று நினைத்தோம்.

காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாய். அன்று தெருவெல்லாம் கூட்டம். நான் எங்கள் வாசலோடு நின்றுவிட்டேன். பிறகும் உன் வீட்டுக்கு வரவில்லை.

இன்று ஆதார் அட்டைகளை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே, நடுநடுவே ஓடிவந்து, உன் படத்தைத் திறக்கும் வேறு இலவச சாஃப்ட்வேரைத் தேடினேன். ஒன்று உன் ஃபைலைத் தெரியாது என்றது. ஒன்று பாதி ஏற்றிவிட்டு அப்படியே நின்றது. மணி பன்னிரண்டைத் தாண்டியது. ஒருவருக்கு நான்கு பக்கத்தையும் வரிசை மாற்றி அடுக்கிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். கடைசியில் பணமோ பதிவோ கேட்காத ஒன்று கிடைத்தது. உன் படம் திறந்தது. ஆனால் கட்டங்களுக்குள் இருந்ததெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

கடை அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னத்தா, தண்ணி லாரி இங்கிலீஷ்ல ஓடுது?" என்றார்.

"தமிழ்தாண்ணே. நம்ம பழைய எழுத்துல அடிச்சிருக்கா, அந்த ஃபான்ட் இதுல இல்லாம இப்பிடித் தெரியுது. எனக்கு வாசிக்க வரும்."

அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று நீ தமிழில் அடித்தாய். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பார்த்து அடித்தாய். எனக்கு அது விரலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கட்டமாக வாசித்து, புது எழுத்தில் திரும்ப அடித்தேன்.

கடைசிக் கட்டத்தை நீ எனக்குக் காட்டியதே இல்லை. 'கடைசி வீட்டுக்குக் கிடைத்ததா? அவர்கள் கேட்க மாட்டார்கள், நாமே பார்க்க வேண்டும். இல்லை என்றால் நாளை முதல் முறை அவர்களுக்கு.'

கடைசி வீடு எங்களுடையது. தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வெறும் குடத்தோடு திரும்புவது நான்தான். அதற்காக நீ என்னைத் திட்டியிருக்கிறாய். படத்தில் எனக்கு இடம் போட்டிருப்பாய் என்று நினைக்கவில்லை.

ஒரு சொல்லையும் மாற்றாமல் அடித்துப் பிரிண்ட் எடுத்தேன். அண்ணனிடம் அரை நாள் லீவு கேட்டேன். இதுவரை கேட்டதில்லை.

உன் வீட்டில் சாமான்களெல்லாம் மூட்டையாகிவிட்டன. உன் அம்மா தாளை வாங்கி, தூரமாகவும் கிட்டவாகவும் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடிய எந்த மூட்டைல வச்சுக் கட்டுனேன்னு தெரியல தாயி. நீயே படி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் விரலை வைத்து, சத்தமாக வாசித்தேன்.