படகுப் பங்கு

மண்டபத்தூர்
7.7.2025

அகரன் அப்பாவுக்கு,

நலம்தானே? பேச்சைப் பதிவு பண்ணிக் கோர்ட்டில் கொடுத்துவிடுவேன் என்று பயந்து என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். அகரன் ஒன்றாம் வகுப்பு போகிறான். தினமும் உங்களைக் கேட்கிறான்.

பிள்ளைச் செலவுக்குத்தான் மனுப் போட்டேன், உங்களை அவமானப்படுத்த அல்ல. அப்பா, அம்மா இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்துத்தான் ஜட்ஜ் தொகை சொல்வாராம். நீங்கள் சத்தியம் செய்து கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததை என் வக்கீல் படித்துக் காட்டினார். 'நான் கூலிக்குப் போகிறவன், படகு மனைவியுடையது.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே!

மகளிர் குழுக் கடனுக்காகத்தானே படகை என் பேரில் வாங்கினோம்? மீன் விற்ற பணத்தில் படகுச் சொந்தக்காரருக்கு என்று ஒதுக்கும் படகுப் பங்கை நான் கண்ணால் பார்த்ததுண்டா? இப்போது என்னுடையது என்றால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. இல்லை என்றால் பொய் சொல்லிக் கடன் வாங்கியவள் ஆவேன். என்னை ஜெயிலில் போட்டால் அகரன் யாரிடம் இருப்பான்? எனக்குப் பயமாக இருக்கிறது.

இளவேனில்

கிளிஞ்சல்மேடு
12.7.2025

வேனிலுக்கு,

என் வக்கீல் சொன்னபடி எழுதினேன். டீசல் விற்கிற விலைக்கு வேறென்ன செய்வது? மனுவை வாபஸ் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும். அகரனுக்கு முத்தம்.

ரஞ்சித்குமார்

கிளிஞ்சல்மேடு
2.8.2025

வேனிலுக்கு,

இதைக் கொண்டுவருவது சுப்பையன் மாமா. நம் படகில் வலை இழுப்பவர். நான் எழுதிக் கொடுத்தது கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. "பொய்ச்சத்தியம் பண்ணினவனோட கடலுக்கு வரமாட்டோம்டா. கூலின்னு சொன்னீல்ல, கூலிப் பங்கை மட்டும் எடுத்துக்க" என்றார் மாமா. படகுப் பங்கை உனக்கென்று முடிந்து வைத்துக்கொண்டார்.

இனி யாரும் ஏற மாட்டார்கள். நாளை தனியாகத்தான் போக வேண்டும். காற்று சரியில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது வேனில். கேஸை முடித்துவிடேன்.

ரஞ்சித்

மண்டபத்தூர்
2.8.2025

அகரன் அப்பாவுக்கு,

மாமா வாசலில் நிற்கிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். படகுப் பங்குப் பணம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருக்கிறேன்.

மனுவை வாபஸ் வாங்க மாட்டேன். கடன் வாங்கிய கதையை வக்கீலிடம் அப்படியே சொல்லிவிட்டேன். என்ன ஆகுமோ என்று இன்னும் பயம்தான். ஆனாலும் திங்கட்கிழமை ஜட்ஜிடமும் அதையே சொல்வேன். நீங்களும் உள்ள வருமானத்தைச் சொல்லுங்கள். அதில் பிள்ளைக்கு எவ்வளவு என்று அவர் சொல்லட்டும். அப்புறம் மாமா தானாகப் படகில் ஏறுவார்.

நாம் சேர்ந்து வாழ்வோமா, தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்கு அப்பா வேண்டும். படகு என்னுடையது என்று சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், நாளை என் படகைக் கடலில் இறக்கக் கூடாது.

இளவேனில்